பழைய கம்ப்ரசருக்கு என்ன விலை கொடுக்கலாம்?

சாலையோரத்துப் பஞ்சர் கடைகளில் 'டக டக' என்று ஓசையிட்டுக்கொண்டிருக்கும் பொறியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். படுக்கை வாட்டில் ஒரு நீண்ட தொட்டி. அதன் முதுகில் ஒரு மின்மோட்டார். அதற்கு அருகில் பெல்ட்டினால் சுழலும் பெரிய சக்கரம். இதுவே கம்ப்ரசர், அதாவது காற்றை உள்ளிழுத்து அமுக்கித் தொட்டியில் நிறைக்கும் பொறி. பஞ்சர் கடையில் மட்டுமன்று. கார்களுக்குப் பெயிண்டு அடிக்கும் பட்டறையிலும், பல் மருத்துவரின் அறையிலும், விசைத்தறிக் கூடங்களிலும் இதற்கு வேலை இருக்கிறது.

புதிய கம்ப்ரசர் வாங்கப் பணம் இல்லாதவர்கள் பழையதைத் தேடிப் போகிறார்கள். அதை விலை பேசுவதற்கென்று நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மேல் பூச்சைப் பார்ப்பார்கள். சற்று நேரம் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்கள். "மோட்டார் எத்தனை எச்.பி., டேங்க் எத்தனை லிட்டர்?" என்று கேட்பார்கள். பிறகு பேரம் தொடங்கிவிடும். இதைவிடச் சிறந்த வழி இல்லையா? ஒரு கைக்கடிகாரம், ஓர் அளவுகோல், பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி ஆகிய மூன்றும் போதும் என்று சொல்வேன். ஆனால் இவற்றைத் தவறான வரிசையில் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தவற்றைச் செய்தவன் நானே.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் பி.எஸ்சி. படித்த மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் வீட்டுக்கு வந்தான். தந்தை இருபது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். இனித் தொலைதூர ஓட்டம் உடம்புக்கு ஒத்துவராது என்று, திண்டுக்கல் - பழனி சாலையில் பஞ்சர் கடை போட ஓர் இடம் பிடித்திருந்தார். கோயம்புத்தூரில் பழைய பொறிகள் விற்கும் கடையொன்றில் ஒரு கம்ப்ரசரைப் பார்த்து வைத்திருந்தார். 2 குதிரைத் திறன் மோட்டார், 160 லிட்டர் தொட்டி, விலை 24,000 ரூபாய். வீட்டில் இருந்த நகை அடகுக் கடைக்குப் போயிருந்தது. "சார், நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியாரு. அந்த வெலை பெறுமான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்குக் கம்ப்ரசர் வியாபாரம் தெரியாது. பாயில் விதி தெரியும் என்ற துணிவில் புறப்பட்டேன்.

நாம் வாங்குவது எதை?

பால் மாடு வாங்கப் போகிறவர் கொம்பின் நீளத்தை அளப்பதில்லை. வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்றுதான் கேட்கிறார். கம்ப்ரசரிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றுத் தரும்? மோட்டாரின் குதிரைத் திறன் மாட்டுக்கு நாம் போடும் தீவனம் போன்றது. தீவனம் அதே அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து வால்வுகள் கசிந்தால் கறவை குறைந்துவிடும். ஓசையை மட்டும் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

லிட்டர் என்றால் எந்த லிட்டர்? அமுக்கப்பட்ட காற்றை லிட்டரில் சொன்னால் பொருள் இல்லை. எவ்வளவு அமுக்கினோம் என்பதைப் பொறுத்து அது மாறும். எனவே வெளியில் வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் சாதாரணக் காற்றில் எத்தனை லிட்டரைப் பொறி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று கணக்கிடுவதே வழக்கம்.

இனிக் கணக்கைப் பாருங்கள். வெப்பநிலை மாறாதபோது, குறிப்பிட்ட அளவு வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் தொகை மாறாது. 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. வளிமண்டலத்தின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.033 கிலோகிராம். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நிற்கும்போது தொட்டி வெறுமையாக இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அதற்குள் 160 லிட்டர் சாதாரணக் காற்று இருக்கிறது. முள் 7 கிலோவைக் காட்டும்போது, அந்த 160 லிட்டருக்கு மேல் கூடுதலாக வந்து சேர்ந்தது எவ்வளவு? 7-ஐ 1.033-ஆல் வகுத்து 160-ஆல் பெருக்கினால் 1,084 லிட்டர் வரும். பஞ்சர் கடைக்காரர்கள் 100 பவுண்டு என்று சொல்வது இந்த 7 கிலோவைத்தான்.

ஆகவே சோதனை மிக எளியது. தொட்டியில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். முள் பூஜ்யத்தில் நிற்கட்டும். வெளியேறும் குழாயை மூடிவிட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். முள் 7-ஐத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 1,084-ஐ அந்த நிமிடங்களால் வகுத்தால் வருவதுதான் பொறியின் கறவை. தொட்டி வேறு அளவாக இருந்தால் 160-க்குப் பதில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். (உதகமண்டலத்தில் கடை போடுகிறவர்கள் 1.033-க்குப் பதிலாக ஏறத்தாழ 0.78 என்று கொள்ள வேண்டும். அங்கே காற்றே மெலிந்தது. பொறி ஒவ்வொரு மூச்சிலும் முக்கால் பங்கு காற்றைத்தான் இழுக்கும்.)

கோவைக் கடையில் இப்படித்தான் செய்தேன். மாணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். 5 நிமிடம் 20 விநாடியில் முள் 7-ஐத் தொட்டது. 1,084-ஐ 5.33-ஆல் வகுத்தேன், நிமிடத்துக்கு 203 லிட்டர்! 2 குதிரைத் திறன் பொறிக்கு இது மிக நல்ல விளைச்சல். "தாராளமாக வாங்கலாம்" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரருக்கும் மகிழ்ச்சி, "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார். மாணவனின் தந்தை முன்பணம் கொடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டார்.

மாணவன் கேட்ட கேள்வி

அப்போது மாணவன் நோட்டுப் புத்தகத்துடன் என்னிடம் வந்தான். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த நேரத்தில் மெக்கானிக் சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றி வால்வுத் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவேளையில் இவன் சும்மா இராமல் அளவுகோலால் சிலிண்டரை அளந்து எழுதி வைத்திருக்கிறான். விட்டம் 7 செ.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் 7 செ.மீ. மோட்டாரின் பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 1,440 சுற்று என்று இருந்தது. மோட்டாரின் புல்லி 16 செ.மீ., கம்ப்ரசரின் சக்கரம் 32 செ.மீ. எனவே கம்ப்ரசர் சுற்றுவது நிமிடத்துக்கு 720 முறை.

"சார், பிஸ்டன் ஒரு தடவை இறங்கினால் 269 கன சென்டிமீட்டர். 720-ஆல் பெருக்கினால் 194 லிட்டர். உள்ளே இழுப்பதே 194 லிட்டர்தான். 203 லிட்டர் எப்படி வெளியே வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் கேட்டது முற்றிலும் சரி. மாடு குடித்த தண்ணீரையும் தின்ற தீவனத்தையும் விட அதிகமாகப் பால் கறந்ததாக நான் கணக்கெழுதியிருக்கிறேன்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொறிக்கு இரண்டு சிலிண்டர்கள் இருந்தன. பெரியது ஒன்று, சிறியது ஒன்று. இரண்டையும் கூட்டினால் 194-ஐவிட அதிகம் வருமே என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படிக் கூட்டக்கூடாது. இது இரண்டு கட்டப் பொறி. பெரிய சிலிண்டர் வெளிக்காற்றை இழுத்து ஓரளவு அமுக்குகிறது. அந்தக் காற்று, செதில்கள் உள்ள ஒரு குழாய் வழியே சென்று குளிர்ந்தபின் சிறிய சிலிண்டருக்குள் நுழைந்து மேலும் அமுக்கப்படுகிறது. சிறியது தானாக வெளிக்காற்றை இழுப்பதில்லை. பழைய பொறி விற்கிறவர்கள் சிலர் இரண்டையும் கூட்டிச் சொல்வதுண்டு.

ஏன் இரண்டு கட்டம்? காற்றை வேகமாக அமுக்கினால் சூடேறும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். 30 டிகிரி காற்றை வெப்பம் வெளியேறாமல் ஒரே மூச்சில் எட்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 270 டிகிரியைத் தாண்டிவிடும். எண்ணெய் கருகும். இரண்டு கட்டமாகப் பிரித்து நடுவில் குளிர வைத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் 135 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது.

மேலும், இழுத்த காற்று முழுவதும் தொட்டிக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. பிஸ்டன் உச்சிக்குப் போனாலும் அதற்கும் தலைப்பகுதிக்கும் நடுவே சிறிது இடம் மிஞ்சும்; அங்கே தங்கிய காற்று மீண்டும் விரிந்து, வரவேண்டிய புதுக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரிங்குகளின் ஓரமாகவும் சிறிது நழுவும். நல்ல நிலையில் உள்ள இவ்வகைப் பொறி இழுப்பதில் நூற்றுக்கு 70 முதல் 75 பங்கு வரை சேர்த்தால் அது போதுமானது. அப்படியானால் 194-க்கு 140 அல்லது 145 லிட்டர் வரலாம். 203 வரவே முடியாது.

எங்கே தவறு? கடிகாரம் சரியாகவே ஓடியது. மானியை, கடையிலிருந்த வேறொரு மானியோடு ஒப்பிட்டோம், அதுவும் சரி. காற்றின் சூடு காரணமாக இருக்குமா என்று பார்த்தேன். தொட்டிக்குள் காற்று 45 டிகிரியில் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், 30 டிகிரியில் இருப்பதைவிட அழுத்தம் நூற்றுக்கு 5 பங்குதான் கூடுதலாகத் தெரியும். அந்த 5 பங்கைக் கழித்தாலும் 193 லிட்டர் வருகிறது. அதுவும் நடக்காத காரியம்.

இந்த 5 பங்கைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை நிறுத்தியபின் தொட்டி ஆறும்போது, 7-இல் நின்ற முள் தானாகவே 6.6-க்கு இறங்கும். இதைப் பார்த்து "டேங்க் கசிகிறது" என்று விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சூடு ஆறியதால் வந்த இறக்கம் அது. அரை மணி கழித்து, தொட்டி கைக்குக் குளிர்ந்தபின் முள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகும் இறங்குகிறதா என்று பார்ப்பதே கசிவுச் சோதனை.

கடைசியில் மிஞ்சியது ஒன்றே: 160 லிட்டர் என்ற எண். தொட்டியின் விட்டம் 45 செ.மீ., நீளம் ஒரு மீட்டர். கணக்கு 160-க்குச் சரியாகவே வருகிறது. ஆனால் அது வெளிப்புற அளவுதானே! காற்றுக்கு உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறதா? ஒரு சாவியை எடுத்துத் தொட்டியின் மேற்பகுதியில் தட்டினேன். வெண்கலக் குடம்போல் ஒலித்தது. கீழே வரவரத் தட்டிக்கொண்டே வந்தபோது, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஓசை 'தொப்' என்று அடங்கிவிட்டது.

தொட்டியின் அடியில், தண்ணீர் வடிப்பதற்கு ஒரு சிறு வால்வு இருக்கும். அதைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை, துரு அடைத்துக்கொண்டிருந்தது. காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு மெக்கானிக் அந்த வால்வையே கழற்றி, கம்பியால் குத்தினார். செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி பிடித்தோம்.

ஆக, காற்றுக்கு இருந்த இடம் 160 லிட்டரன்று, 115 லிட்டர். இதை வைத்து மீண்டும் கணக்கிட்டால், 5 நிமிடம் 20 விநாடியில் சேர்ந்தது நிமிடத்துக்கு 146 லிட்டர். சூட்டுக்காக 5 பங்கு கழித்தால் 139. இது 194-இல் நூற்றுக்கு 72 பங்கு. நோயாளியான தொட்டி, தன் வயிற்றில் தண்ணீரை வைத்துக்கொண்டு, பொறியின் கறவையைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. விற்றவர் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாளியைப் பார்த்து எங்களைப் போலவே அவரும் திகைத்தார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

யாரும் ஊற்றவில்லை. காற்றிலிருந்தே வந்தது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடம் அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊரில் ஈரப்பதம் 70 விழுக்காடு உள்ள நாளில், ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் 21 கிராம் நீராவி இருக்கும். இப்படி எட்டு கன மீட்டர் காற்றை ஒரே கன மீட்டருக்குள் அமுக்குகிறோம் என்க. உள்ளே வந்த நீராவி 168 கிராம். ஆனால் சூடு ஆறியபின் அந்த இடம் தாங்குவது 30 கிராம்தான். மீதி 138 கிராம் நீராகிவிட வேண்டும். அதாவது ஒவ்வொரு கன மீட்டர் வெளிக்காற்றுக்கும் 17 கிராம். எங்கள் தொட்டியை ஒருமுறை நிறைக்க ஏறக்குறைய ஒரு கன மீட்டர் காற்று வேண்டும் என்று பார்த்தோம். எனவே ஒருமுறை நிறைத்தால் ஏறத்தாழ 17 மில்லி லிட்டர் தண்ணீர். பெரிய கரண்டி ஒன்று. நாளுக்குப் பத்து முறை நிறைந்தால், 45 லிட்டர் சேர ஓராண்டு வேலைகூட வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் சும்மா இருக்குமா? இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் துரு வரும். இங்கே ஆக்சிஜனோ எட்டு மடங்கு அழுத்தத்தில் தண்ணீருக்குள் கரைகிறது. துருப்பிடிப்பது உள்ளே, அதுவும் அடியில்; வெளியில் புதுப் பெயிண்டு பளபளக்கும்.

54 டன்

ஒரு தொட்டியின் சுவர் எவ்வளவு பளு தாங்குகிறது என்பதைக் காண ஒரு சிறு கற்பனை செய்வோம். தொட்டியை நீளவாக்கில் இரண்டு பாதியாக வெட்டி, மீண்டும் ஒட்டி வைத்திருப்பதாக எண்ணுங்கள். உள்ளிருக்கும் காற்று அந்த இரு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கிறது. பிரிக்கும் விசை, அழுத்தம், விட்டம், நீளம் ஆகிய மூன்றின் பெருக்கல் தொகை. இத்தகைய இரண்டு கட்டப் பொறிகள் 12 கிலோ வரை போகக்கூடியவை. 12-ஐ 45-ஆலும் 100-ஆலும் பெருக்குங்கள்: 54,000 கிலோகிராம். ஐம்பத்து நான்கு டன்! பாரம் ஏற்றிய இரண்டு மூன்று லாரிகளின் எடை. இதைத் தாங்கி நிற்பவை இரு பக்கத்திலும் உள்ள மெல்லிய தகடுகள் மட்டுமே.

தகடு 4.8 மில்லி மீட்டர் தடிமனாக இருந்தால், அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏற்கும் இழுவிசை சுமார் 560 கிலோகிராம். சாதாரண எஃகு அறுபட 4,000 கிலோ அளவில் வேண்டும். எனவே ஏழு மடங்கு பாதுகாப்பு இருக்கிறது. தடிமன் 2.6 மில்லி மீட்டராகக் குறைந்தால் இழுவிசை 1,040 கிலோவுக்கு ஏறும். பாதுகாப்பு நான்கு மடங்குக்கும் கீழே வந்துவிடும். அதுவும் போதுமே என்று நினைப்பீர்கள். ஆனால் துரு, தகட்டைச் சீராக இழைப்பதில்லை. அங்கங்கே ஊசிக் குழிகளாக அரிக்கும். குழியின் நுனியில் விசை குவியும். பற்றவைத்த இணைப்பு எப்போதும் கொஞ்சம் பலவீனமானது. நாளுக்குப் பத்து முறை உப்பித் தளர்வதால் உலோகம் களைத்தும் போகும்.

நான் சொன்ன 4.8-உம் 2.6-உம் கற்பனை எண்கள் அல்ல. அன்று மாலை, அருகிலிருந்த பட்டறை ஒன்றிலிருந்து மீயொலித் தடிமன்மானி கொண்டுவந்து அளந்தவை. அந்தக் கருவி தகட்டின் ஒரு பக்கத்தில் ஒலித்துடிப்பை அனுப்பி, மறுபக்கத்தில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. எஃகில் ஒலி விநாடிக்கு 5,900 மீட்டர் ஓடும், 4.8 மி.மீ. தகட்டில் போய்த் திரும்ப ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 1.6 பங்கு ஆகிறது. தொட்டியின் மேற்புறம் எங்கும் 4.8 காட்டியது. அடியில் 3.4, 3.1, ஓரிடத்தில் 2.6. குழியின் ஆழத்தை இக்கருவி சரியாகச் சொல்லாது. எனவே உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருந்திருக்கும்.

இப்போது நான் செய்த தவறு என்ன என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். தண்ணீர் வடித்துப் பார்க்காமல், அடித்தகட்டை அளக்காமல், அந்தத் தொட்டியில் 7 கிலோ வரை காற்றை ஏற்றிவிட்டு, மூன்று பேர் சுற்றி நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 160 லிட்டர் தொட்டியில் 7 கிலோ அழுத்தத்தில் உள்ள காற்று திடீரென்று விரிந்தால் வெளிப்படும் ஆற்றல் 140 கிலோ ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் ஆற்றல் அது. தொட்டிக்குள் 45 லிட்டர் தண்ணீர் இருந்ததால் எங்களுக்கு 100 கிலோ ஜூலாகக் குறைந்திருக்கும். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. பஞ்சர் கடையில் கம்ப்ரசர் வெடித்து உயிர்ச்சேதம் என்ற செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தொழிற்சாலைகளில் அழுத்தக் கலன்களைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்று விதிகள் உண்டு. சாலையோரக் கடைக்கு யாரும் வந்து கேட்பதில்லை.

சரியான வரிசை இதுதான்: முதலில் தண்ணீரை வடியுங்கள். வடிகிற நீரின் நிறத்தைப் பாருங்கள். மூடியைக் கழற்றி டார்ச் விளக்கால் உள்ளே நோக்குங்கள். அடித்தகட்டின் தடிமனை அளக்கச் செய்யுங்கள். பிறகு நீரழுத்தச் சோதனை. தொட்டியில் காற்றே இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பினால் இயங்கு அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் ஏன்? தண்ணீர் அமுங்குவதே இல்லை எனலாம். அமுங்காத பொருளில் ஆற்றல் சேராது. அதே 160 லிட்டர் தண்ணீரை 7 கிலோவுக்கு அழுத்தினால் அதில் சேர்வது 20 ஜூலுக்கும் குறைவு. காற்றில் சேர்வதில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தகடு கிழிந்தால் தண்ணீர் பீச்சியடிக்கும், அவ்வளவே. இந்தச் சோதனைகளில் தேறிய பின்புதான் கைக்கடிகாரத்துக்கு வேலை.

விலைக்கு வருவோம்

பழைய கம்ப்ரசரை ஒரே பொருளாக விலை பேசக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அது மூன்று பொருள்: பம்பு, மோட்டார், தொட்டி. மூன்றும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை.

பம்புக்குப் புது உயிர் கொடுக்கலாம். ரிங்கு, வால்வுத் தகடு, பேரிங் எல்லாம் மாற்றக்கூடியவை. உங்கள் பொறியின் மாதிரிக்கு இவை கடைகளில் இன்னும் கிடைக்கின்றனவா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அடிப்பெட்டியின் மூச்சுத் துளியில் கை வைத்துப் பார்த்தால், புகையோடு காற்று விட்டு விட்டு அடிக்கிறதா என்று தெரியும். அடித்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. வெளிவரும் காற்றின் முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்தால் அதுவும் அதற்கே சாட்சி. பெயிண்டு அடிப்பவருக்கு இது பெரிய குறை. பஞ்சர் கடைக்கு அவ்வளவு இல்லை. எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

கறவை குறைந்த பம்பை எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? மின்கட்டணத்தை வைத்துக் கணக்கிடுங்கள். கடைக்கு ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் காற்று வேண்டும் என்க. லாரி டயர் ஒன்றை நிரப்பவே ஆயிரம் லிட்டர் அளவில் போய்விடும் என்பதால் இது மிகையன்று. நிமிடத்துக்கு 140 லிட்டர் தரும் பம்பு 71 நிமிடம் ஓட வேண்டும். 90 லிட்டர் தருவது 111 நிமிடம் ஓட வேண்டும். மோட்டார் மணிக்கு 1.9 யூனிட் இழுத்தால், நாளொன்றுக்கு 1.26 யூனிட் வேறுபாடு. ஒரு யூனிட் 9 ரூபாய் என்றும் ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றும் வைத்துக்கொண்டால், தேய்ந்த பம்பு ஆண்டுதோறும் 3,400 ரூபாயைத் தின்கிறது. ரிங்கும் வால்வும் மாற்றும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் பேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மறுசுற்று செய்த மோட்டாரா என்று கேளுங்கள். பளுவோடு ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தை எலக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொல்லி, பெயர்த்தகட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். உங்கள் கடைக்கு வரும் இணைப்பு ஒருமுனையா மும்முனையா என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் கதை வேறு. அரித்த தகட்டின்மேல் ஒட்டுப்போட்டுப் பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதீர்கள். சோதனையில் தேறினால் தொட்டிக்கு விலை உண்டு. தேறாவிட்டால் அதற்குப் பழைய இரும்பு விலைதான்.

அந்தக் கணக்குப்படியே பேசினோம். பம்பும் மோட்டாரும் 14,000 ரூபாய் என்று முடிந்தது. தொட்டியைக் கடைக்காரரே வைத்துக்கொண்டார். அதை மீண்டும் யாருக்கும் விற்காமல் இருக்க, எங்கள் முன்னிலையிலேயே அடியில் இரண்டு துளை போட்டுவிடச் சொன்னேன். சற்று முணுமுணுத்தாலும் செய்தார். சோதித்துச் சான்று கொடுக்கப்பட்ட வேறு தொட்டி 12,000 ரூபாய் ஆயிற்று. மொத்தம் 26,000, முதலில் கேட்ட விலையைவிட 2,000 அதிகம். "அப்போ நமக்கு நட்டந்தானே சார்?" என்று பஸ்ஸில் வரும்போது தந்தை கேட்டார். மாணவன் 54 டன் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். லாரி ஓட்டியவர் ஆதலால் டன் என்றால் என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஒட்டன்சத்திரம் வரும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை.

கடை திறந்து எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு நாள் மாலையிலும் கடை சாத்துமுன் வடிவால்வைத் திறந்து தண்ணீரைப் பிடிக்கிறார்கள். மாணவன் முதல் சில வாரங்கள் அதை மருந்துக் கடை அளவுக் குவளையில் அளந்து எழுதி அனுப்பினான். நாளுக்கு ஒன்பது முறை தொட்டி நிறைந்தால் கணக்குப்படி 153 மில்லி லிட்டர் வர வேண்டும். அவனுக்குக் கிடைத்தது 110 முதல் 130 வரை. மீதி நீராவி தொட்டி ஆறுமுன்பே காற்றோடு சேர்ந்து டயர்களுக்குள் போய்விடுகிறது. ஐப்பசி மழையில் ஒரு நாள் 190 வந்ததாக எழுதியிருந்தான்.